வடிகட்டி சொல்லாதது

ஒரு வீட்டு வண்டி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் கட்டில், அடுப்பு எல்லாம் உண்டு. பின்னால் டீசல் எஞ்சின். அதற்குக் காற்றைச் சலித்துக் கொடுப்பது ஒரு காகித வடிகட்டி. வடிகட்டி இருந்த பெட்டிக்கு அடியில், தண்ணீர் புகுந்தால் வெளியே விட ஒரு ரப்பர் குழாய்.

மழை பிடித்துக்கொண்டது. பின்சக்கரம் வாரியடித்த தண்ணீர், காற்று வரும் வழியாகவே பெட்டிக்குள் விழுந்தது.

"தம்பி, அங்கே எல்லாம் சரியா?" என்று எஞ்சின் கேட்டது.

"ஒண்ணுமில்லைண்ணே, நீங்க ஏறுங்க" என்றது வடிகட்டி. ஏற்றத்தில் மூச்சுவாங்கும் அண்ணனைத் தொந்தரவு செய்ய அதற்கு மனமில்லை.

"என்னப்பா ஒண்ணுமில்லை?" என்று குழாய் குழறியது. "என் வாயில சேறு அடைச்சுக் கிடக்கு. தண்ணி உன் இடுப்புக்கு வந்தாச்சு. வண்டி நின்னா ஓட்டுறவர் வந்து என்னை ஒரு தட்டுத் தட்டுவார், எல்லாம் வடிஞ்சுடும். சொல்லித் தொலையேன்!"

"நீ வாயை மூடு. நான் உறிஞ்சிக்கிறேன்."

"அதான் மூடிக் கிடக்கே!"

எஞ்சின் மறுபடியும் கேட்டது. வடிகட்டி மறுபடியும் அதையே சொன்னது. கழுத்துவரை ஊறிப்போன காகிதத்தில் காற்று நுழைய வழியில்லை. தான் கிழிந்தால் தண்ணீர் நேராக அண்ணன் வயிற்றுக்குள் போய்விடும், அதோடு அவர் கதை முடிந்தது என்று அதற்குத் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு கிழியாமல் நின்றது. எஞ்சின் கறுப்புப் புகை கக்கி, பாதி ஏற்றத்தில் அணைந்துபோயிற்று.

"ஏன்டா, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னா நிக்க வேண்டியிருக்குமேன்னுதான், அண்ணே."

"இப்ப மட்டும் என்ன, ஓடிக்கிட்டா இருக்கோம்?" என்றது எஞ்சின்.