தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம்

பேஸ்ட்ரி வகுப்பின் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடித்தது. அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அட்மிஷன் பொறுப்பில் இருந்த இளைஞன் அவரிடம்தான் பேசினான். சேரப்போகிறவள் அவள். வீட்டில் பி.காம். போதும் என்றவர்களோடு மல்லுக்கட்டி, சோறு தின்னாமல் கிடந்து, இவ்வளவு தூரம் அவரை இழுத்து வந்தவள் அவள். அவர்கள் உள்ளே வந்ததிலிருந்து அவன் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

“பொண்ணுங்க எல்லாம் இதுலதான் சார் சேருவாங்க. ஃபுல் ஏசி. கேக், குக்கீஸ், சாக்லேட். வேர்வையே கிடையாது.”

உள்ளே வரிசையாகப் பெண்கள். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. ஒருத்தி கேக்கின் மேல் க்ரீமில் ரோஜா வைத்துக்கொண்டிருந்தாள். அழகாகத்தான் வைத்தாள். கேக்கோடு இவளுக்கு ஒரு பகையும் இல்லை.

இவளுக்கு எதிர்க் கதவு வேண்டும்.

அதை வரும்போதே பார்த்துவிட்டாள். பெரிய சமையல் வகுப்பு. வாணலியிலிருந்து தீ எழும்பி அடங்கியது. வேர்த்து ஒழுகியபடி நின்றவர்கள் எல்லாம் பையன்கள். அந்த அனலில் போய் நிற்க வேண்டும் என்பது அவளுக்குப் பசி மாதிரி இருந்தது.

அப்பா அந்தக் கதவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அடுப்பு அவருக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சுற்றுவட்டாரத்தில் ஆவுடையப்பன் மாஸ்டர் கை வைக்காத கல்யாணம் குறைவு. கல்யாணத்துக்கு மறுநாள் போடும் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாட்டுக்கென்றே ஆள் அனுப்பி அவரைப் பிடிப்பார்கள்.

அந்தச் சொதிக்குத் தேங்காய் துருவுவது பெண்கள். பால் பிழிவதும் பெண்கள். அவர்களுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய் தொங்கும். பாலை வாளியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். அடுப்பிலிருக்கும் கொப்பரையில் ஊற்றுவது ஆண்கள்தான். பெண் கரண்டி பிடித்தால் பந்திக்குச் சாப்பாடு காணாதாம்.

வீட்டில் மூன்று வேளையும் அவர் தின்பது பெண் கரண்டி பிடித்ததைத்தான். அது கணக்கில் வராது போலிருக்கிறது.

சமையல் பள்ளி தேடிப் புறப்பட்டதிலிருந்தே இந்தக் கூத்துதான். மதுரையில் ஹாஸ்டல் சரியில்லை. கோவையில் பையன்கள் கூட்டம். திருச்சியில் வாத்தியார் மூஞ்சியே சரியில்லை. எல்லாவற்றுக்கும் நொட்டை சொன்னவர் இங்கே கையைக் கட்டிக்கொண்டு தலையாட்டினார். கட்டிக்கொடுத்த இடத்தில் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் கேக் செய்ய ஆகும் என்று அந்த இளைஞனிடமே சொன்னார்.

எதிர் வகுப்பில்தான் சேருவேன் என்றாள் அவள்.

அவர் அவளைத் தனியே ஜன்னல் ஓரம் கூட்டிப்போனார். குரலைத் தாழ்த்தினார்.

“வேண்டாம்ளா. அங்க ஆம்பளைய கூட்டமா நிப்பானுவ. அடுப்படியில பேச்சு ஒரு மாதிரி இருக்கும். நீ தாங்க மாட்ட.”

பாம்பின் கால் பாம்பறியும்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முன்பு ஒருமுறை தென்காசியில், மாமா வீட்டுக் கல்யாணம். தேங்காய்ப்பால் வாளியோடு தார்ப்பாயைத் தாண்டிப் போனாள், கூலிக்குப் பால் பிழிய வந்திருந்த இசக்கியம்மாள். இவளுடைய அம்மாவைவிடக் கொஞ்சம் வயது குறைந்தவள். குனிந்து வாளியை வைத்தாள். அடுப்படியிலிருந்து ஒரு குரல், அவள் குனிந்ததையும் வாளியில் இருந்த பாலையும் சேர்த்து ஒன்று சொன்னது. கூட நின்றவர்கள் கொப்பரையில் கரண்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள்.

இசக்கியம்மாளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அதே குரல்தான் இப்போது ஜன்னல் ஓரம் நின்று மகளின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

“எனக்கு அது புதுசு இல்லப்பா. தென்காசி கல்யாணத்துல இசக்கியக்காவ நீங்க சொன்னப்போ, தார்ப்பாய்க்கு இந்தப் பக்கம் நான் பால் பிழிஞ்சிக்கிட்டு இருந்தேன்.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள்.

அந்தக் குளிரிலும் அப்பாவுக்கு நெற்றி வேர்த்தது.

இளைஞன் பின்னாலேயே வந்து, எந்த கோர்ஸ் போடட்டும் சார் என்று அவரைக் கேட்டான். எதிர்க் கதவைக் காட்டி அவளே சொன்னாள். அப்போதுதான் அவன் அவள் முகத்தைப் பார்த்தான்.

ஜெயித்தாயிற்று. துள்ளிக் குதிக்க வேண்டியவள், பல்லைக் கடித்துக்கொண்டு படி இறங்கினாள். அப்பா பின்னால் வந்தார். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தாள். இசக்கியம்மாள் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால்கூட அவளுக்குப் போதும்.

வாசலுக்கு வந்ததும் கேட்டார்.

“உங்கம்மைக்கு இது தெரியுமா?”

அவ்வளவுதான் அவர் கவலை.

அவள் அவரையே பார்த்தாள்.

தென்காசியில் நடந்தது சொந்தக்காரர் கல்யாணம். அம்மாவும் வந்திருந்தாள். பட்டுச்சேலையோடு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள் என்றுதான் அவர் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறார். பால் பிழிய ஆள் காணாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து மகளின் பக்கத்தில் உட்கார்ந்தவள் யார் என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை.

அந்தச் சிரிப்பு அடங்கும்வரை, பால் வற்றிப்போன சக்கையையே அம்மா திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தாள்.