ஓட்டம் எங்கே இருக்கிறது?

"நிப்பாட்டாதேங்கோ, இன்னும் கதையுங்கோ," என்றாள் பேர்ணடெற்.

இவளா இப்படிச் சொல்வது என்று நீக்கிலாசுக்குச் சிரிப்பு வந்தது. ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆன்மாவைப் பற்றி இருவருக்கும் காருக்குள் சண்டைதான். அஜின்கோர்ட்டைத் தாண்டுமுன் அவள் அவருடைய வாயை அடைத்துவிடுவாள். இருபத்தாறு வருடத்தில் அவர் ஒருநாளும் வென்றதில்லை. இன்றைக்கு மட்டும் அவர் பேச்சு நிற்கக் கூடாது என்று அவள் மாதாவை மன்றாடியிருந்தாள். அதை அவரிடம் சொன்னால் மனிதரைப் பிடிக்க முடியாது.

அவர் முகத்துக்கு நேரே கதிரையைப் போட்டு இருந்துகொண்டு வேண்டுமென்றே சீண்டினாள். மனம் என்பது கடவுள் ஊதிய மூச்சு, வெறும் இறைச்சிக்கு யோசிக்கத் தெரியுமா என்று கேட்டாள்.

நீக்கிலாஸ் கார் மெக்கானிக். விடுவாரா?

"ஒரு காரை முழுக்கக் கழட்டிப் பாரும். ஓட்டம் எண்டொரு சாமான் உள்ளுக்க கிடைக்காது. இரும்பெல்லாம் சேர்ந்து வேலை செய்தால் ஓட்டம் வரும். மனமும் அப்பிடித்தான்."

"அப்ப, என்னில வைச்ச அன்பும் இரும்புச் சாமானோ?"

"அதுக்காக அது பொய்யெண்டில்லை. ஓட்டம் பொய்யெண்டால் நான் ஒஷாவாவுக்கு வேலைக்கு எப்பிடிப் போறன்? அன்பும் உண்மைதான். அதைத்தானே சொல்லுறன்..."

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் திறந்தார். பெயர் வரவில்லை. எதிரே இருப்பவள் யாரென்று நன்றாகத் தெரிகிறது. பிக்கரிங் ஸ்டேஷனில் ரயிலைத் தவறவிட்டு, முன்பின் தெரியாத தன்னிடம் வந்து அழுதவள். கோபம் வந்தால் கோப்பைகளை இரண்டு தரம் கழுவுகிறவள். எல்லாம் இருக்கிறது, பெயரை மட்டும் காணோம்.

பேர்ணடெற் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று கையை உயர்த்தினாள்.

இரண்டு விநாடி போயிருக்கும்.

"பேர்ணடெற்," என்றார் நீக்கிலாஸ். தொலைந்த கார்த் திறப்பைக் கண்டெடுத்தவர் போல முகமெல்லாம் மலர்ந்தது. "பேர்ணடெற், இப்பவாவது நம்புறீரோ?"

"ஓம், நம்புறன். நீங்கள்தான் வெண்டனீங்கள்," என்றாள். கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. தோற்றதில் அவளுக்கு அப்படியொரு சந்தோசம்.

நீக்கிலாசின் திறந்திருந்த மண்டையோட்டுக்குப் பின்னால் நின்ற சத்திரசிகிச்சை நிபுணர், பேச்சு தடைப்படுகிற இடத்தைத் தேடி மூளையைத் தொட்ட மின்கம்பியை அவள் கை உயர்ந்ததுமே எடுத்திருந்தார். இப்போது தாதியிடம் ஆங்கிலத்தில் சொன்னார்:

"கட்டியை மற்றப் பக்கத்தால் வெட்டுவோம். இந்த இடத்தில் கத்தி படக் கூடாது, இங்கே இவருடைய மனைவி இருக்கிறார்."