நாற்பத்து மூன்று முறை

அன்று உத்தனப்பள்ளி வீட்டில் இருந்தவர்கள் ராமப்பன், மனைவி சரசம்மா, மகள் சுசித்ரா, அவளுக்கு நிச்சயம் செய்திருந்த சந்தோஷ், அவன் அப்பா திம்மராயன். சுசித்ராவுக்கும் சந்தோஷுக்கும் ஓசூரில் ஒரே மென்பொருள் ஆபீஸ்.

"ஆபீஸ்ல தப்பு கண்டுபிடிக்கிற திரையில உங்க பொண்ணு பேரு நாப்பத்தி மூணு தடவை வந்துச்சாம். அன்னிலருந்து எம்பையன் தலையே நிமிரலைங்க. கல்யாணத்த நிறுத்திக்கலாம்," என்றார் திம்மராயன்.

சரசம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். ராமப்பன் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்க வீட்ல யாரும் தப்புல பேரு வாங்கினதில்ல. சொல்லும்மா."

"புரோகிராம்ல இருக்கற தப்ப அந்த டூல் கண்டுபிடிக்கும்பா. அத எப்படிக் காட்டணும்னு நாமளே ஒரு பகுதி செஞ்சு அதுல மாட்டிக்கலாம். நான் செஞ்சு மாட்டினது, தப்பைச் சரிசெஞ்சவங்க பேர மட்டும்தான் காட்டும்."

"அப்ப தப்பு பண்ணினது யாரு?" திம்மராயன் குரல் உயர்ந்தது.

சுசித்ரா சந்தோஷைப் பார்த்தாள்.

"நாப்பத்தி மூணு தப்பையும் எழுதினவருக்குத் தெரியும் மாமா. எம்பேரு கெடறப்பகூட வாய் திறக்கல பாருங்க."

சந்தோஷ் அப்போதும் நிமிரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை வேண்டாம் என்றுவிட்டதாக ஊரில் பேச்சு. அது பாதிதான். உண்மை வெளிவந்தபின் வேண்டாம் என்றவள் சுசித்ரா.