பத்தில் ஒரு பங்கு

கடலோர ஆய்வுக்கூடம் ஒன்றில் ஜன்னலை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கடலையும் வானத்தையும் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து, நாளைக்கு எங்கே மேகம் வரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அதன் வேலை. அதில் அதற்கு ஏகப்பட்ட கர்வம்.

ஒரு நாள் உச்சிவெயிலில், கையளவு மேகம் ஒன்று ஜன்னலுக்கு நேரே வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தது.

"அண்ணே, இதுல நான் எங்கே இருக்கேன்?"

"உன் சைஸுக்கெல்லாம் தனியா இடம் கிடையாதுப்பா. உன்னைச் சந்தனம் மாதிரி அரைச்சு, கட்டம் முழுக்கப் பூசிட்டேன். எங்கே பாத்தாலும் பத்துல ஒரு பங்கு மேகம். கணக்கு கச்சிதமா வந்துடுச்சு!"

"நான்தான் இங்கே முழுசா நிக்கிறேனே!"

"கண்ணுல படுறதெல்லாம் கணக்காயிடுமா? நகரு, வேலை கிடக்கு."

மேகம் நகர்ந்தது. அதுவரை அது மறைத்திருந்த வெயில் கம்ப்யூட்டரின் மண்டையில் சுள்ளென்று இறங்கியது. உள்ளே விசிறி ஊளையிட்டது. பாதிக் கணக்கில் திரை அப்படியே உறைந்து நின்றது.

"தம்பி, கொஞ்சம் இப்படி வந்து நில்லுப்பா! மண்டை வெடிச்சிடும் போலிருக்கு!"

மேகம் தூரத்திலிருந்து திரும்பிப் பார்த்தது.

"நான் எதுக்குண்ணே? அதான் கட்டம் முழுக்கப் பத்துல ஒரு பங்கு நிழல் பூசி வச்சிருக்கீங்களே, அதுல உக்காந்துக்கோங்க."