நேற்றிலேயே நின்ற கடிகாரம்

"யாரோ என் மெஷினுக்குள்ள வந்துட்டுப் போறாங்க சனா!"

சத்யப்பிரியா போட்ட சத்தத்தில் கம்ப்யூட்டர் லேபே திரும்பிப் பார்த்தது.

"ஏட்டி, மெதுவாப் பேசு. என்னாச்சு?"

"இந்தக் கடிகாரத்தைப் பாரு."

லேப் கம்ப்யூட்டரில் ஓடுவது விண்டோஸ். அதற்குள்ளேயே, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி, ஆளுக்கு ஒரு விர்ச்சுவல் மெஷின். அதில் லினக்ஸ். அந்த லினக்ஸுக்குள்தான் அவளுடைய கடைசி வருஷ புராஜெக்ட் இருந்தது. அம்மா வேலை பார்க்கிற ராஜபாளையம் மில்லில் யாருக்கு எந்த ஷிப்ட் என்று நியாயமாகப் பிரித்துக் கொடுக்கிற மென்பொருள். நாளைக்கு ரிவ்யூ. வேறு காப்பி எடுத்து வைக்கவில்லை.

விண்டோஸ் கடிகாரம் சரியாக இருந்தது. உள்ளே லினக்ஸில் மட்டும் நேற்று சாயங்காலம் ஐந்து மணி.

"நேரம் தப்பா இருக்கு, திருத்திரு. அம்புட்டுதானே?" என்றாள் சனா.

"அம்புட்டுதானா? நல்லா யோசி. நாலரைக்கு காலேஜ் பஸ் ஹாரன் அடிச்சதும் எல்லாரும் அப்படியே போட்டுட்டு ஓடுனோம். நான் எதையும் மூடல. ஆனா அஞ்சு மணிக்கு யாரோ இதை நிறுத்தி வச்சிருக்காங்க. நிறுத்துன நேரத்துலயே கடிகாரமும் நின்னு போச்சு. அஞ்சு மணிக்கு இங்க யாரு இருந்தா?"

சனாவும் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தினமும் பஸ்ஸைத் தவறவிடுறவன் ஒருத்தன்தான் இருக்கான்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். தேவதானத்திலிருந்து வருகிற கௌதம்ராஜ்.

சத்யப்பிரியா நேராக அவன் முன்னால் போய் நின்றாள்.

"என் மெஷின்ல உனக்கு என்ன வேலை?"

அவன் எழுந்துவிட்டான். "நீ மூடாம ஓடிர்றே. அதான்..."

"வீட்டுக் கதவு திறந்து கெடந்தா உள்ள நுழைஞ்சுருவியா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல சத்யா, நான் என்ன சொல்ல வாரேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். பொண்ணு எழுதுனதைச் சுட்டு, தன் பேரைப் போட்டுக்கிடுறது ஊர்ல புதுசா என்ன?"

பக்கத்து வரிசையில் ஒருவன் கெக்கலித்தான். "ஏலே, இதுக்குத்தான் தினமும் பஸ்ஸை விடுதியா?"

லேபே சிரித்தது. கௌதம்ராஜ் உட்கார்ந்துவிட்டான். வாதத்தில் சத்யப்பிரியாவை ஜெயித்தவர்கள் அந்தக் கல்லூரியில் கிடையாது.

"உக்காந்துட்டான் பாத்தியா? தப்புப் பண்ணலைன்னா வாய் அடைக்குமா?" என்றாள் சனாவிடம்.

லேப் கம்ப்யூட்டர்களுக்கு யாரும் பூட்டுப் போடுவதில்லை. அன்று சாயங்காலம் ஹாரன் அடித்ததும் சத்யப்பிரியா மட்டும் தன் கம்ப்யூட்டருக்கு ஒரு பாஸ்வேர்டைப் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் ஓடினாள்.

பஸ் கேட்டைத் தாண்டித் திரும்பும்போது பின்னால் யாரோ கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவது தெரிந்தது.

"சனா, அங்க பாரு! பூட்டுப் போட்டதும் வேலை இல்லாமப் போச்சு. ஐயா இன்னைக்கு பஸ்ஸுக்கு ஓடி வாரார்!"

பஸ்ஸில் ஒரே சிரிப்பு. டிரைவர் நிறுத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. கௌதம்ராஜ்.

"எடேன். என்னன்னுதான் கேளேன்" என்றாள் சனா.

"என்னத்தக் கேக்க? மழுப்பப் பாக்கான்." போனை வெட்டி, அவன் நம்பரையும் பிளாக் செய்தாள்.

மறுநாள் காலை. ரிவ்யூவுக்கு வெளியூர் பேராசிரியர் வந்து, மேலே காபி குடித்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் தங்கள் மெஷினைத் திறந்தார்கள். நேற்று விட்ட இடத்திலிருந்து அப்படியே வந்தது. சனா பாதியில் விட்ட வரிகூட பாதியிலேயே காத்திருந்தது.

சத்யப்பிரியாவின் லினக்ஸ் மட்டும் வரவில்லை. கறுப்புத் திரை. டிஸ்க் பழுது என்று வெள்ளை எழுத்துகள். அணைத்துப் போட்டாள். அதே கறுப்பு. மறுபடியும் அதே.

"உடைச்சுட்டான்! ஆத்திரத்துல உடைச்சுட்டான்!"

வாசலில் சாவிக்கொத்தோடு நின்ற லேப் உதவியாளர் சங்கையாவிடம் ஓடினாள்.

"அண்ணே, நேத்து அந்த கௌதம்ராஜ் என் மெஷினை என்ன பண்ணுனான்? மறைக்காமச் சொல்லுங்க."

"உன் மெஷினையா? நேத்து அதை மட்டும்தான் அவன் தொடலம்மா."

"பொய் சொல்லாதீங்கண்ணே."

"நான் ஏன் பொய் சொல்லப் போறேன்? அஞ்சு மணிக்கு நான் மெயின் சுவிட்சை இறக்கணும். நீங்க பாட்டுக்கு ஓடவிட்டுட்டுப் போயிருதீங்க. திடீர்னு கரண்ட் போனா உள்ள இருக்கிறது கெட்டுப்போகும்னு, தினமும் ஒவ்வொண்ணா நிறுத்தி வச்சுட்டுத்தான் அந்தப் பையன் போவான். நேத்து உன்னோடதுல பூட்டு. 'செத்த நேரம் மெயினை இறக்காதீங்கண்ணே'ன்னுட்டு ஓடுனான். நானும் இருட்டுற வரைக்கும் பாத்துட்டுத்தான் இறக்குனேன்."

"எங்க ஓடுனான்?"

"உங்க பஸ்ஸுக்குப் பின்னாடிதாம்மா. உன்கிட்ட பாஸ்வேர்ட் கேக்க."