எச்சில் தொட்ட முடிச்சு

அலைதடுப்புப் பாறைகளின் மேல் காலை வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. தையற்காரியின் தூண்டில் கோல் வில்லாய் வளைந்து நிற்க, ரீலிலிருந்து பச்சை நூல் சீறிக்கொண்டு ஓடுகிறது. மாட்டியிருப்பது கொடுவா மீன், அதன் செவுள் மூடி சவரக்கத்திதான். அதற்குப் பயந்தே மெல்லிய நூலின் நுனியில் ஒரு கை நீளத்துக்குக் கனத்த, கண்ணாடி போன்ற நைலான் நரம்பைச் சேர்த்திருக்கிறாள். இரண்டையும் பிடித்து வைத்திருப்பது அரிசி அளவு முடிச்சு ஒன்று. ஊசியில் நூல் கோக்கிற பழக்கத்தில் அதை எச்சில் தொட்டு அவள் இறுக்கியபோது அக்கா புருஷன் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் எச்சில் தொடாமல் இறுக்கிய முடிச்சுகளோ உரசிய சூட்டில் பொசுங்கி அறுந்துபோக, விடிந்ததிலிருந்து இரையாக மாட்டிய மூன்று ரப்பர் மீன்கள் கடலோடு போய்விட்டன.

"அத்தான், வலையை எடுங்க."

"அறுத்துக்கிட்டுப் போயிடும் பாரு. நான் எத்தனை பாத்திருக்கேன்."

"பாத்தது போதும், எடுங்க."

முடிச்சு நீரை விட்டு மேலேறி, கோலின் நுனி வளையத்துக்குள் டிக்கென்று நுழைகிறது. பின்னாலேயே வெள்ளியாய் ஒரு முதுகு புரள்கிறது. அத்தான் முழங்கால் நனையக் குனிந்து அள்ள, வலை நிறைந்து கனக்கிறது. அவள் மீனைப் பார்க்கவில்லை. நரம்பை நகத்தால் வருடுகிறாள். நெடுகச் சிராய்ப்பு. முடிச்சு மட்டும் போட்டது போட்டபடி இருக்கிறது. அவள் நிமிரும்போது அத்தான் தன் தூண்டிலின் அறுந்த நுனியை வாயிலிருந்து எடுத்து அவளிடம் நீட்டுகிறார்.

"எச்சில் போட்டுட்டேன். மிச்சத்தை நீ பாத்துக்க."