பல்லி சொன்ன நல்ல சகுனம்

பழைய ரயில் நிலையத்தின் பெரிய கடிகாரத்துக்குப் பின்னால் குடியிருந்த பல்லிக்கு, செய்தியைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று ஒரே கவலை. அது வாய் திறந்தாலே சகுனம் பார்க்கிற ஊர். கடைசியில் பயந்து பயந்துதான் கடிகாரத்திடம் சொன்னது.

"அண்ணே, நாளைக்கு நம்ம கட்டடத்தை இடிக்கப்போறாங்களாம். இன்ஜினியர் பேசினதைக் கேட்டேன்."

கடிகாரம் நின்று பல வருடங்களாகிவிட்டன. ஜம்பம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அன்று காலை யாரோ அதற்கு ஒரு மாலையும் போட்டிருந்தார்கள்.

"இடிக்கிறவன் மாலை போடுவானா? என்னோட போட்டோ எடுத்துக்கக் காலையிலிருந்து வரிசையில நிக்கிறாங்களே, கண்ணு தெரியலையா?"

"இத்தனை நாள் அவங்க உங்களை நிமிர்ந்துகூடப் பாக்கலையேண்ணே. கோயில்ல ஆட்டுக்கும் வெட்டுறதுக்கு முன்னால மாலை போடுறாங்க."

"உனக்கு வயித்தெரிச்சல்" என்றது கடிகாரம்.

மறுநாள் இடிக்கும் வண்டி எலுமிச்சை மாலையோடு வந்து நின்றது. பல்லி சுவரை விட்டு இறங்கி, வண்டிக்குள் ஏறி, சாமி படத்துக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டது.

"வாம்மா, நல்ல நேரத்துல வந்தே" என்று உறுமியது வண்டி. "வந்த காரியம் நல்லபடியா முடியுமா? சொல்லு."

பல்லி ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தது. அது மாலையைச் சரிசெய்துகொண்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றது.

பல்லி இந்த முறை கொஞ்சமும் தப்பில்லாமல், கணீரென்று நல்ல சகுனம் சொன்னது.